செயின் பராமரிப்பு செட்: ஸ்டாண்ட் சரி, தாள்தான் சரியில்லை

பைக் செயின் வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்று விற்கிற செட் இது. ஒரு பேடாக் ஸ்டாண்ட் (வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்துவது), மூன்று பக்க பிரஷ், கிளீனர் ஸ்ப்ரே, லூப் (மசகு) ஸ்ப்ரே, செயின் நேராக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு கம்பி, கூடவே நாலாக மடித்த ஒரு தாள். கம்பெனிப் பெயரை எழுதிப் பயனில்லை. இதே பொருள் இதே நிறத்தில் பல பெயர்களில் வருகிறது, ஸ்டிக்கர்தான் மாறுகிறது. எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள். என்னுடையதில் 520 (செயின் அளவைச் சொல்லும் எண்) ஓ-ரிங் செயின், அதாவது கண்ணிகளுக்கு இடையே ரப்பர் வளையம் போட்டது; சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. தம்பியுடையதில் 428 செயின், பின்னால் டிரம் பிரேக், சென்டர் ஸ்டாண்ட் உண்டு. இரண்டிலும் வைத்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

முதலில் ஸ்டாண்ட். செட்டில் காசுக்கு உரிய பொருள் இதுதான். குழாய் தடிமனாக இருக்கிறது, வெல்டிங் சுத்தமாக இருக்கிறது. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்முக்கு அடியில் கொடுக்க எல் வடிவ ரப்பர் பேடும், ஸ்பூல் (ஸ்விங் ஆர்மில் திருகும் சின்ன உருளை) போட்ட வண்டிக்குக் கொக்கியும் இரண்டுமே வந்தன. அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். குறை என்றால் பேட் பொருந்துகிற இடத்தில் ஆட்டம் அதிகம். வண்டியைத் தூக்கும் நேரத்தில் ஒரு பக்க பேட் லேசாகத் திரும்பிக்கொள்கிறது. உள்ளே ஒரு வாஷர் போட்டேன், ஆட்டம் நின்றது. இதைக்கூட அவர்களே செய்திருக்கலாம்.

வண்டியைத் தனியாளாக ஏற்ற முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். முடியும். நியூட்ரலில் போட்டு, முன் பிரேக் லீவரை ஒரு பட்டையால் கட்டிவிட்டு, சைடு ஸ்டாண்டை மடக்காமல் அப்படியே விட்டு, இடது பக்கம் நின்று, ஒரு கையால் பின்புறக் கைப்பிடியைப் பிடித்து வண்டியை நிமிர்த்திக்கொண்டு மறு கையால் ஸ்டாண்டை அழுத்த வேண்டும். தரை சமமாக இருப்பது முக்கியம். ஸ்டாண்டின் சக்கரங்கள் கெட்டி பிளாஸ்டிக், வழவழப்பான டைல்ஸில் நழுவுகின்றன. அடியில் பழைய ரப்பர் மேட்டை விரித்தால் நழுவாது. பின் சக்கரத்தின் அச்சான ஆக்சிலின் நட்டை முதலில் தளர்த்துகிறபோது வண்டி தரையிலேயே நிற்கட்டும். ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, இறுகிப் போன நட்டோடு மல்லுக்கட்டினால் வண்டி ஒரு பக்கம் சாயப் பார்க்கும்.

இந்த ஸ்டாண்டில் எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும், சஸ்பென்ஷன் முழுதாக விரிந்துவிடும். பேடாக் ஸ்டாண்ட் ஸ்விங் ஆர்மைத் தாங்குவதால் வண்டியின் எடை சஸ்பென்ஷன் மேல் அப்படியே இருக்கிறது. தரையில் நிற்கிற நிலைக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில். செயினில் இருக்கும் லூஸை, அதாவது தொய்வை, அளக்கிறவருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஒரே வண்டியில் ஒரே செயினை இரண்டு ஸ்டாண்டில் வைத்து அளந்தால் இரண்டு எண் வரும். அதனால் மேனுவலில் அளவைத் தேடும்போதே, எந்த நிலையில் நிறுத்தி அளக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சைடு ஸ்டாண்ட் என்றால் சைடு ஸ்டாண்டில்தான் அளக்க வேண்டும். ஸ்டாண்ட் சக்கரத்தைச் சுற்றவும் துடைக்கவும் மட்டும்.

இங்கேதான் அந்தத் தாள் வருகிறது. "எல்லா வண்டிகளுக்கும் தொய்வு 25 முதல் 30 மி.மீ." என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். எல்லா வண்டிகளுக்குமாம்! சாலையில் ஓடும் சாதாரண வண்டிகள் பலவற்றுக்கு 20 முதல் 30 மி.மீ. சரிதான். ஆனால் சஸ்பென்ஷன் அதிக தூரம் ஏறி இறங்குகிற, மண் பாதைக்கான வண்டிகளில் 35, 40 மி.மீ. கேட்பது சர்வ சாதாரணம். அதில் போய் 25 வைத்தால் என்ன ஆகும்?

முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) இருக்கும் இடமும் ஸ்விங் ஆர்ம் ஏறி இறங்குகிற அச்சும் ஒன்றல்ல. அச்சு கொஞ்சம் பின்னால் இருக்கிறது. அதனால் பின் சக்கரம் மேலே போகப் போக இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போது அந்தத் தூரம் உச்சத்தில் இருக்கும், செயினும் அப்போதுதான் மிக டைட். நிறுத்தி வைத்த வண்டியில் நாம் விடுகிற லூஸ் முழுக்க அந்த ஒரு கணத்துக்காகத்தான். விடாவிட்டால், ஆள் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் செயின் கம்பி மாதிரி விறைத்து கியர்பாக்ஸ் வெளித் தண்டின் பேரிங்கையும் பின் சக்கர பேரிங்கையும் பிடித்து இழுக்கும். லூஸ் அதிகமானால் சத்தம் வரும், ஸ்விங் ஆர்மை உரசும், மிஞ்சிப் போனால் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து கழன்று கொள்ளும். டைட்டாக இருந்தால் எந்தச் சத்தமும் வராது, பேரிங் போன பிறகுதான் தெரியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஒரு துளி லூஸ் பக்கம்தான் நிற்பேன். உங்கள் வண்டிக்கான எண் மேனுவலில் இருக்கும். பல வண்டிகளில் ஸ்விங் ஆர்மிலேயே ஸ்டிக்கராக ஒட்டியும் இருப்பார்கள்.

தாளில் இன்னொரு படம் அதைவிட மோசம். செயினைச் சுத்தம் செய்யும் படத்தில் எஞ்சின் ஓடுகிறது, வண்டி முதல் கியரில் இருக்கிறது, ஒரு கை துணியோடு செயினைப் பிடித்திருக்கிறது. துணி ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் விரலும் சேர்ந்து போகும். விரல் நுனியை இழந்தவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் இழந்திருக்கிறார்கள். எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பராமரிப்புக்கென்று விற்கிற செட்டில் இந்தப் படத்தை யார் அனுமதித்தார்கள் என்று புரியவில்லை.

சரி, மற்ற சாமான்கள். பிரஷ் பரவாயில்லை. மேல், கீழ், வெளிப்பக்கம் மூன்றையும் ஒரே இழுப்பில் தேய்க்கிறது. தகடுகளுக்கு நடுவே உருளையின் மேல் ஒட்டியிருக்கும் கரும்பசைக்கு மட்டும் இது போதாது, பழைய பல் துலக்கும் பிரஷ்தான் அங்கே நுழையும். கம்பி பிரஷ் பக்கம் போகவே வேண்டாம், ஓ-ரிங் கிழிந்துவிடும். கிளீனர் ஸ்ப்ரே நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்த பிறகு நான் மறுபடி வாங்கவில்லை. மண்ணெண்ணெய் போதும்; ஓ-ரிங் செயினுக்கே பல மேனுவல்கள் அதைத்தான் சொல்கின்றன. பெட்ரோல் கூடாது, ரப்பரைக் கெடுக்கும். டயர் மேலும் பிரேக் டிஸ்க் மேலும் தெறிக்காமல் நடுவே ஒரு அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள்.

லூப் ஸ்ப்ரேதான் எனக்கு ஒத்துவரவில்லை. வெள்ளையாக, பசை பசையாக ஒட்டுகிறது. தெறிப்பதில்லை, அது உண்மை. ஆனால் புழுதிப் பாதையில் ஒரு நாள் போய் வந்தால் செயின் முழுக்க மணல் பூசினாற்போல் ஆகிவிடுகிறது, பிறகு அந்தப் பசையே உப்புத்தாள் வேலை பார்க்கும். ஓ-ரிங் செயினில் பின்னுக்கும் (கண்ணிகளைக் கோக்கும் ஊசி) புஷ்ஷுக்கும் (அதைச் சுற்றியுள்ள குழல்) இடையிலான கிரீஸை ஆலையிலேயே அடைத்து மூடிவிடுகிறார்கள். நாம் வெளியே போடுவது உருளை பல்லில் படுகிற இடத்துக்கும், ரப்பர் காயாமல் இருக்கவும், துரு பிடிக்காமல் இருக்கவும்தான். அதற்கு மெல்லிய பூச்சு போதும். என் வண்டி மேனுவலில் எஸ்.ஏ.இ. 80-90 கியர் ஆயில் என்றே போட்டிருக்கிறது. தெறிக்கும், ரிம்மைத் துடைக்கும் வேலை கூடும், ஆனாலும் செயின் சுத்தமாக இருக்கிறது. ஓடி வந்து சூடாக இருக்கும்போது கீழ் வரிசையின் உட்பக்கத்தில் விட்டால் சுழலும்போது தானே வெளிப்பக்கம் பரவும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்திலும் நகரத்துக்குள் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு அந்த வெள்ளை லூப் பிடிக்கலாம்.

கம்பியைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாமல்தான் இருந்தது, ஆனால் செட்டில் ஸ்டாண்டுக்கு அடுத்து உருப்படியான பொருள் இதுதான். பின் ஸ்ப்ராக்கெட்டில் திருகி மாட்டினால் கம்பி செயினுக்கு மேலாக முன்னோக்கி நீளும். பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் கம்பியும் செயினும் ஒன்றுக்கொன்று இணையாகப் போகின்றனவா என்று தெரிந்துவிடும். ஸ்விங் ஆர்மில் பொறித்திருக்கும் கோடுகளை நம்பி இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் வைப்பவர்களே அதிகம். தம்பி வண்டியில் அந்தக் கோடுகள் இடதும் வலதும் ஒத்துப் போகவில்லை என்பதை இந்தக் கம்பிதான் காட்டிக்கொடுத்தது.

டைட் வைக்கிற முறையைத் தாள் இரண்டே வரியில் முடித்துவிடுகிறது, அதனால் நானே சொல்கிறேன். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, கீழ் வரிசையின் நட்டநடுவில் விரலால் கீழே இழுத்து ஒரு அளவு, மேலே தள்ளி ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் தொய்வு. எஃகு ஸ்கேல் ஒன்றை நிமிர்த்தி வைத்து, ஒரே பின்னின் மையத்தைப் பார்த்துப் படித்தால் பிசகாது. ஓடித் தேய்ந்த செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. எங்கே மிக டைட்டாக இருக்கிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஆக்சிலை நகர்த்தும் அட்ஜஸ்டர் போல்ட்டை இரண்டு பக்கமும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். எட்டு மி.மீ. போல்ட்டில் வழக்கமான மறை என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஆக்சில் 1.25 மி.மீ. நகரும், தொய்வோ அதைவிடப் பல மடங்கு குறைந்துவிடும். அவசரப்பட்டு அரைச் சுற்று திருப்பினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நட்டை இறுக்கும்போது ஆக்சில் நகர்ந்துவிடுவதுதான் எல்லோரையும் கடுப்பேற்றுவது. கீழ் வரிசை பின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறுகிற இடத்தில் மடித்த துணியை வைத்து, விரலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள். துணி இடையில் சிக்கி ஆக்சிலை முன்னால் இழுத்து அட்ஜஸ்டரோடு ஒட்டிப் பிடிக்கும். அப்படியே இறுக்குங்கள். இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளந்துவிடுங்கள், ஒன்றிரண்டு மில்லிமீட்டரை நட் தின்றிருக்கும். எவ்வளவு இறுக்குவது என்பதும் மேனுவலில் உண்டு. அளந்து இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இந்த செட்டில் இல்லை, தனியாக வாங்க வேண்டும். கழலாமல் இருக்க ஊசி செருகுகிற வகை நட் என்றால் புது ஸ்ப்ளிட் பின் போடுங்கள்.

டிரம் பிரேக் வண்டிக்காரர்களுக்கு வேலை இதோடு முடியாது. பல வண்டிகளில் ஆக்சில் நட்டோடு, பின் ஸ்ப்ராக்கெட் பக்கத்தைப் பிடித்திருக்கும் ஸ்லீவ் நட்டையும் தளர்த்தினால்தான் சக்கரம் நகரும். சக்கரம் பின்னால் போனதும் பிரேக் ராட் இழுபட்டு, பெடலில் இருக்க வேண்டிய ஆட்டம் குறைந்துவிடும். அதைத் திரும்பச் சரி செய்யாமல் ஓட்டினால் பிரேக் ஷூ உரசிக்கொண்டே வரும், பின் பிரேக் விளக்கும் அணையாமல் எரியலாம். இதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு எழுத்து இல்லை.

செயின் இன்னும் தாங்குமா என்று பார்க்கவும் செட்டில் எதுவும் இல்லை, ஆனால் அதற்கு டேப் போதும். செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணிகளின் நீளம் அளந்தால் புது 520 செயினில் 317.5 மி.மீ. இருக்கும். என் மேனுவலில் மாற்ற வேண்டிய எல்லை 323. 428 செயினுக்கு 20 கண்ணி 254 மி.மீ. இந்த நீளம் கூடுவது இரும்பு இழுபடுவதால் அல்ல, பின்னும் புஷ்ஷும் தேய்வதால்தான். டேப் எடுக்கச் சோம்பலாக இருந்தால் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி தெரிகிற அளவுக்குத் தூக்கிக் கொடுத்தால், எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் உதவாது. அப்போது செயினோடு இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது, கொக்கி போல வளைந்த பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும்.

வாங்கலாமா என்றால், வண்டியில் சென்டர் ஸ்டாண்ட் இல்லாதவர்கள் வாங்கலாம். இருக்கிறவர்களுக்குக் கம்பியும் பிரஷும் தனியாகக் கிடைத்தால் அதுவே போதும், ஸ்ப்ரே இரண்டும் தேவையே இல்லை. ஸ்டாண்டின் பேட் ரப்பர் மட்டும் தனியாக விற்கிறார்களா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். என்னுடையதில் இடது பக்க ரப்பர் இப்போதே ஓரத்தில் வெடிக்க ஆரம்பித்திருக்கிறது.