மிஸ் கதைக்காத இங்கிலிஸ் வகுப்பு: மட்டக்களப்பில் சைலண்ட் வே

மட்டக்களப்பு டவுனில் ஸ்போக்கன் இங்கிலிஸ் வகுப்புக்குப் பஞ்சமில்லை, எந்த மதிலைப் பார்த்தாலும் ஒரு போஸ்டர் இருக்கும். திருமலை வீதிப் பக்கம் ஒரு வீட்டு முன் அறையில் நடக்கிற இந்தச் சின்ன வகுப்பைப் பற்றித் தனியாக எழுதக் காரணம், இங்கே மிஸ் கதைப்பதே இல்லை. புதுச் சொல்லை ஒரு தடவை சொல்வார், அதுக்குப் பிறகு கதைக்க வேண்டியது படிக்க வந்தவர்கள்தான்.

இந்த முறைக்குப் பெயர் சைலண்ட் வே. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்த காலெப் கட்டெக்னோ உருவாக்கியது, இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1963இல் வந்தது. அவர் அடிப்படையில் கணக்கு ஆள். பெல்ஜியத்து ஆசிரியர் குசனேர் கணக்குப் படிப்பிக்கச் செய்த நிறத் தடிகளை, 1 சென்ரிமீற்றரிலிருந்து 10 வரை பத்து நீளம் பத்து நிறம், அப்படியே மொழிப் பாடத்துக்குக் கொண்டுவந்தார்.

நடப்பது இப்படி. மேசையில் தடிகள் கிடக்கும். "டேக் எ ப்ளூ ரொட்" என்று மிஸ் ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். ஆரையம்பதியிலிருந்து வரும் ஒரு தங்கச்சி "டேக் ப்ளூ ரொட்" என்றார். மிஸ் பிழை என்று சொல்லவில்லை, சொல்லுக்கு ஒன்றாக நான்கு விரலை நீட்டி இரண்டாவது விரலைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தார். ஃபேன் சத்தம் மட்டும்தான். தங்கச்சி விரலையே பார்த்துக்கொண்டிருந்து, பிறகு தானாகவே "எ" சேர்த்து முழுதாகச் சொன்னார். அதுக்கும் "வெரி குட்" இல்லை, அடுத்த ஆளுக்குத் தலையசைப்புத்தான். சரியா பிழையா என்று டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் தன் காதாலேயே கண்டுபிடிக்கப் பழக வேண்டும் என்பதுதான் கட்டெக்னோவின் எண்ணம். எங்கட பிள்ளைகள் மூன்றாம் ஆண்டிலிருந்து இங்கிலிஸ் படித்தும் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கப் பயப்படுவது ஏன் என்று நினைத்துப் பார்த்தால், பிழை விட்ட உடனே யாரோ திருத்துவார்கள் அல்லது சிரிப்பார்கள் என்ற பயம்தான் பெரிய காரணம், அந்தப் பயம் இந்த அறைக்குள் இல்லாததைக் கண்ணால் பார்க்கலாம். எனக்கு இதிலே பிடித்ததே அதுதான்.

சுவரில் நிற அட்டைகளும் உண்டு. டூ, ஷூ, ப்ளூ மூன்றுக்கும் ஸ்பெல்லிங் வேறு, ஆனால் கடைசியில் வரும் சத்தம் ஒன்று என்பதால் அந்த இடத்துக்கு நிறமும் ஒன்று. எழுதினபடியே வாசித்துப் பழகிய எங்களுக்கு இது பெரிய உதவி. நிறம் பிரித்துப் பார்க்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு மட்டும் சிரமமாக இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குறையும் இருக்கு. மிஸ் குறைவாகக் கதைப்பதால் நல்ல இங்கிலிஸ் காதில் விழுவதும் குறைவு, ஆளுக்காள் எங்கட உச்சரிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டு ஆள் ஒருவர் வேகமாகக் கதைத்தால் பிடிபடுவதற்கு இது காணாது, வீட்டில் பிபிசி மாதிரி ஏதாவது தினமும் கேட்டே ஆக வேண்டும். அப்புறம், சட்டென்று பிடிக்கிற ஒரு பொடியன் இருந்தால் எல்லா இடைவெளியையும் அவனே நிரப்பிவிடுகிறான். அவனை நிறுத்தி மற்றவர்களுக்கு நேரம் கொடுப்பதில் மிஸ் இன்னும் கண்டிப்பாக இருக்கலாம். ஆரம்பத்தில் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று தமிழில் ஒரு பத்து நிமிடம் விளக்கியிருந்தாலும் சிலர் இடையில் நின்றிருக்க மாட்டார்கள்.

ஓ/எல் பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கிறவர்களுக்கு இது சரிவராது, இங்கே நோட்ஸும் இல்லை பாஸ்ட் பேப்பரும் இல்லை. வாசித்தால் விளங்குது, கதைக்கத்தான் வராது என்கிற வேலைக்குப் போகிற ஆட்களுக்குத் தயங்காமல் சொல்வேன். சேரும்போது எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள், பத்துப் பன்னிரண்டுக்கு மேலே போனால் ஆளுக்கு வாய் திறக்க நேரம் கிடைக்காது.