சைக்கிள் ஓட்டுறவங்க ஆஃப் சீசனுக்கு ரோயிங் மெஷின் வாங்கலாமா? கான்செப்ட்2 ரோஎர்க் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இது ரோயிங் ஆளுங்களுக்கான ரிவ்யூ இல்ல, படகுல உக்காந்து துடுப்பு போட்ட அனுபவமே எனக்கு கிடையாது. ரோடு பைக் ஓட்டுறவன் நான். சீசன் முடிஞ்சு குளிர்காலம் வந்துட்டா சீக்கிரமே இருட்டிடுது, ரோடெல்லாம் ஈரம், அதுக்காக மூணு மாசமும் ட்ரெய்னர் (வீட்டுக்குள்ள சைக்கிள மாட்டி ஓட்டுற ஸ்டாண்டு) மேலயே உக்காந்து சுவத்த பாத்துட்டு மிதிக்கவும் மனசு வரல, அப்படிப்பட்ட ஒருத்தனுக்கு இந்த மெஷின் எந்த அளவுக்கு உதவுதுங்கறத மட்டும் தான் எழுதப்போறேன்.

கம்பெனி கதைய சுருக்கமா சொன்னா, 1976ல அமெரிக்காவுல டிரைசிகாக்கர் அண்ணன் தம்பி ரெண்டு பேர் துடுப்பு செய்ய ஆரம்பிச்சது, அப்புறம் 1981ல முதல் ரோயிங் மெஷின். நமக்கு புடிச்ச விஷயம் என்னன்னா அந்த முதல் மாடல்ல ஃப்ளைவீலே (இழுக்கும்போது சுத்துற சக்கரம்) ஒரு சைக்கிள் சக்கரம் தான், அதுல பிளாஸ்டிக் தகடு மாட்டி காத்த அடிக்க விட்டாங்க. இப்ப ரோஎர்க்னு விக்கிறது முன்னாடி மாடல் டின்னு இருந்ததோட தொடர்ச்சி தான், கூண்டுக்குள்ள ஃபேன், ஒரு செயின், நீளமான தண்டவாளம், அதுல உருள்ற சீட்டு, அவ்ளோதான். மோட்டார் கிடையாது, எடை 26 கிலோ தான், ரெண்டா கழட்டி ஓரமா வச்சிடலாம், ஆனா விரிச்சா 8 அடி நீளம், பின்னாடி உடம்பு சாய கொஞ்சம் இடம் வேற விடணும், அதனால வாங்குறதுக்கு முன்னாடி டேப் எடுத்து அளந்துடுங்க.

சரி மேட்டருக்கு வருவோம். ஃபேன் கூண்டு பக்கத்துல 1 முதல் 10 வரைக்கும் ஒரு லீவர் இருக்கும், டாம்பர்னு பேரு. ஜிம்ல பாத்தீங்கன்னா வர்றவங்க எல்லாம் நேரா 10ல தள்ளிட்டு தான் உக்காருவாங்க, 10 தான் கஷ்டமான லெவல்னு நெனப்பு. உண்மையில அது கியர் மாதிரி, உள்ள எவ்ளோ காத்து போகணும்னு மட்டும் தான் அது முடிவு பண்ணும். காத்து நிறைய போனா ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவுல ஃபேன் சீக்கிரம் வேகம் குறையும், திரும்ப வேகமெடுக்க வைக்க அதிகம் இழுக்கணும், அதான் கனமா தெரியுது. பெரிய கியர்ல 50 கேடன்ஸ்ல (நிமிஷத்துக்கு 50 பெடல் சுத்து) மேடு ஏறினா முட்டிக்கு என்ன ஆகும்னு நமக்கு தெரியும்ல, இங்க முட்டிக்கு பதிலா இடுப்பு வாங்கும். 3லேர்ந்து 5க்குள்ள வச்சா போதும். இன்னும் சரியா வேணும்னா மானிட்டர்ல டிராக் ஃபேக்டர்னு, ஃபேன் எவ்ளோ சீக்கிரம் வேகம் குறையுதுங்கறதுக்கு ஒரு நம்பர் காட்டும் அத பாத்துக்கோங்க, ஏன்னா கூண்டுல தூசி அடைச்சிருந்தா ஒரு மெஷின்ல 5ங்கறது இன்னொரு மெஷின்ல 3 மாதிரி இருக்கும். டாம்பர் எங்க இருந்தாலும் மானிட்டர் ஒவ்வொரு இழுப்புக்கும் ஃபேன் எவ்ளோ வேகமா குறையுதுன்னு பாத்து தானே கணக்க சரி பண்ணிக்குது, அதனால இந்த மெஷின்ல போட்ட நம்பர அந்த மெஷின்ல போட்ட நம்பரோட தைரியமா ஒப்பிடலாம், எனக்கு இதுல ரொம்ப புடிச்ச விஷயமே அது தான்.

அடுத்து கேடன்ஸ். சைக்கிள்காரங்களுக்கு இங்க தான் மண்டையே குழம்பும். 90ல சுத்தி பழகின காலு, இங்க நிமிஷத்துக்கு 18லேர்ந்து 22 இழுப்பு தான் நிதானமான பயிற்சிக்குன்னு சொன்னா நம்ப மாட்டேங்குது, சும்மா 32, 34ன்னு முன்னயும் பின்னயும் பறக்கும், ஆனா வாட்ஸ் (நாம போடுற சக்தியோட அளவு) பாத்தா ஒண்ணும் இருக்காது. பெடல் சுத்துறதுல விசை கிட்டத்தட்ட விடாம போய்ட்டே இருக்கும், இதுல ஒரு தள்ளு, அப்புறம் நிதானமா திரும்பி வர்றது, திரும்பி வர்ற நேரம் தள்ளுற நேரத்தோட ரெண்டு மடங்கு இருக்கணும். அந்த இடைவெளியில சும்மா இருக்குறது நமக்கு என்னமோ ஏமாத்து வேலை மாதிரி தோணும், தோணட்டும், 20லயே வச்சு ஒவ்வொரு தள்ளலையும் கனமா போடுங்க, வாட்ஸ் தானா ஏறும்.

இழுக்குறதுன்னு சொல்றோமே தவிர இது தள்ளுற வேலை. முதல்ல கால் முழுசா தள்ளணும், அப்புறம் இடுப்புலேர்ந்து உடம்பு பின்னால சாயணும், கை கடைசில, திரும்பி வரும்போது இதே தலைகீழா. கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி கையாலயே இழுத்தீங்கன்னா பத்து நிமிஷத்துல முன்னங்கை செத்துரும். ஹேண்டில்பார இறுக்கிப் புடிக்கிற பழக்கம் இருக்கறவங்களுக்கு உள்ளங்கையில கொப்புளம் கேரண்டி, விரல கொக்கி மாதிரி மாட்டிட்டு விடுங்க போதும். அப்புறம் சைக்கிள் ஷூவ போட்டுட்டு வந்துடாதீங்க, முன்னால வரும்போது குதிகால் கொஞ்சம் தூக்கணும், கார்பன் சோல் வளையவே வளையாது. சாதாரண தட்டையான ஷூ, ஸ்ட்ராப் விரல் ஆரம்பிக்கிற எடத்துக்கு மேல வர்ற மாதிரி மாட்டுங்க.

இப்ப நம்பர். இதுல ஸ்பீடு 500 மீட்டருக்கு எத்தன நிமிஷம்னு காட்டும், அதுக்கும் வாட்ஸுக்கும் உள்ள தொடர்பு க்யூப் கணக்கு, அதாவது வேகம் ரெண்டு மடங்கானா வாட்ஸ் எட்டு மடங்கு வேணும், தண்ணியில படகு போறதுக்கும் அதே க்யூப் தான், ரோட்டுல காத்த எதிர்த்து ஓட்டுறவனுக்கு இது புது விஷயம் இல்ல. 2:30 பேஸ்னா சுமார் 104 வாட்ஸ், 2:00 வந்தா 203, அதுலேர்ந்து வெறும் 15 செகண்ட் குறைச்சு 1:45 போகணும்னா 302 வாட்ஸ் வேணும். முதல் தடவ உக்காரும்போது "என்னடா ரெண்டு செகண்ட் தானே"ன்னு நெனச்சு அழுத்தினவங்க எல்லாம் அடுத்த நிமிஷம் மூச்சுக்கு அலையுறத பாக்கலாம். மானிட்டர்ல நேரா வாட்ஸ் ஸ்கிரீன வச்சுக்கலாம், நமக்கு அது தான் வசதி.

ஆனா உங்க எஃப்டிபிய (பைக்ல சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற அதிகபட்ச வாட்ஸ்) கொண்டு வந்து இங்க ஒட்டாதீங்க ப்ளீஸ். பைக்ல 200 வாட்ஸ் நிதானமா ஓட்டுறவர் இதுல 200 வாட்ஸ் போட்டா ஹார்ட் ரேட் எங்கயோ போய் நிக்கும், ஏன்னா முதுகு தோள் கை எல்லாத்துக்கும் ரத்தம் போகணும், அதோட பழகாத வேலைங்கறதால வீணாகுறதும் அதிகம். ஹார்ட் ரேட் பெல்ட் போட்டுட்டு அத வச்சு ஓட்டுங்க, இதோட பிஎம்5 மானிட்டர் ப்ளூடூத், ஏஎன்டி பிளஸ்னு ரெண்டு வயர்லெஸ் முறையிலயும் பெல்ட்ட எடுத்துக்கும். ஒல்லியா இருக்குற மலை ஏறுற ஆளுங்க இன்னொரு விஷயத்துக்கும் மனச தயார் பண்ணிக்கணும், இங்க கிலோவுக்கு எத்தன வாட்ஸ்ங்கற கணக்கே இல்ல, மொத்த வாட்ஸ் தான், குண்டா உயரமா இருக்குற ஒருத்தர் பக்கத்து மெஷின்ல சிரிச்சுட்டே உங்கள தாண்டிப் போவார். கலோரி நம்பரையும் அப்படியே நம்பி சாப்பாட்டுல கை வைக்காதீங்க, அது சுமார் 79 கிலோ ஆள வச்சு போட்ட கணக்கு, 60 கிலோ ஆளுக்கு கூடுதலா தான் காட்டும்.

இதெல்லாம் சரி, சைக்கிளுக்கு என்ன லாபம்? என் அனுபவத்துல பெரிய லாபம் இடுப்பும் முதுகும் தான். வருஷம் முழுக்க குனிஞ்சே உக்காந்து, தொடையோட முன் பக்கத்த மட்டுமே வேலை வாங்கி, இடுப்ப மடக்கி முழுசா நீட்டாமலே மாசக்கணக்குல ஓட்டுறோம். இதுல ஒவ்வொரு இழுப்புலயும் இடுப்பு மடங்கி முழுசா திறக்குது, பின்தொடை, பிட்டம், தோள்பட்டைக்கு நடுவுல உள்ள தசை எல்லாம் வேலை செய்யுது. நீளமான ரைடுல கடைசி மணி நேரம் கழுத்தும் மேல் முதுகும் புடிக்குமே, அது எனக்கு நல்லாவே குறைஞ்சிருக்கு. வேற ஸ்ட்ரென்த் வேலையும் கூடவே பண்றதால முழு பேரும் இந்த மெஷினுக்கே கொடுக்க மாட்டேன், ஆனா பங்கு இருக்கு.

அதே எடத்துல தான் ஆபத்தும். பின்தொடை இறுகிப் போன சைக்கிள்காரன் முன்னால வரும்போது இடுப்புலேர்ந்து மடங்க முடியாம கீழ் முதுக வளைச்சு தான் எட்டுவான், அப்படியே தள்ளினா லோடு முழுக்க அங்க. ரோயிங் ஆளுங்களுக்கே அதிகமா வர்ற காயம் கீழ் முதுகு தான். அதனால கணுக்கால் முட்டிக்கு நேரா வர்ற வரைக்கும் போயே ஆகணும்னு இல்ல, முதுகு வளையப் போகுதுன்னு தெரியுற எடத்துல நிறுத்தி அங்கேர்ந்து தள்ளுங்க, வாட்ஸ் கொஞ்சம் குறையும் பரவால்ல. ஆரம்பத்துல மூச்சுக்கு முன்னாடி முதுகு தான் களைச்சுப் போகும், மூணு மணி நேரம் பைக் ஓட்டுற திமிர்ல முதல் நாளே ஒரு மணி நேரம் உக்காராதீங்க, பத்து பத்து நிமிஷமா நடுவுல எழுந்து நின்னு பண்ணுங்க.

எலும்பு விஷயத்துல யாரும் ஏமாற வேணாம். நிறைய வருஷம் சைக்கிள் மட்டுமே ஓட்டுறவங்களுக்கு எலும்பு அடர்த்தி குறையுதுங்கறது தெரிஞ்ச விஷயம், உடம்பு எடைய சீட்டு தாங்குது, கால் தரையில மோதுறதே இல்ல. ரோயிங்லயும் உக்காந்து தான் இருக்கோம், முதுகெலும்புக்கு பைக்க விட லோடு அதிகம் கிடைக்கும் ஆனா இடுப்பெலும்புக்கும் காலுக்கும் அந்த மோதல் கிடைக்காது. அதுக்கு ஓட்டம், கயிறு தாண்டுறது, வெயிட் தூக்குறது இதுல ஏதாவது ஒண்ணு வேணும். "ரோயிங் ஒண்ணு போதும், முழு உடம்புக்கும் ஆச்சு"ங்கற விளம்பரப் பேச்ச நான் ஒத்துக்க மாட்டேன்.

இன்னொரு பக்கம், ரோயிங்லேர்ந்து சைக்கிளுக்கு வந்து கலக்கினவங்கள காட்டுவாங்க. ரெபெக்கா ரொமேரோ 2004 ஏதென்ஸ்ல ரோயிங் வெள்ளி, 2008 பெய்ஜிங்ல சைக்கிள் டிராக் பர்சூட்ல (வட்ட ட்ராக்ல எதிரெதிர் பக்கம் ஆரம்பிச்சு ஓட்டுற போட்டி) தங்கம். ஹாமிஷ் பாண்ட் 2012, 2016 ரெண்டு ஒலிம்பிக்லயும் படகுல தங்கம் வாங்கிட்டு சைக்கிளுக்கு மாறி 2018 காமன்வெல்த் டைம் ட்ரயல்ல (தனியா நேரத்த எதிர்த்து ஓட்டுற போட்டி) வெண்கலம் எடுத்தார். ஜேசன் ஆஸ்போர்ன் 2020ல முதல் இஸ்போர்ட்ஸ் (வீட்டுல ட்ரெய்னர்ல ஓட்டி ஆன்லைன்ல நடக்குற ரேஸ்) சைக்கிள் உலக சாம்பியன், அடுத்த வருஷமே டோக்கியோல ரோயிங் வெள்ளி. இஞ்சின் ரெண்டுக்கும் ஒண்ணு தான்னு இது காட்டுது, மறுக்கல. ஆனா பர்சூட்லயும் டைம் ட்ரயல்லயும் மெடல் வாங்க அவங்க சைக்கிள் மேல தான் கிடந்தாங்க, நாம வாரத்துக்கு ரெண்டு தடவ மெஷின்ல உக்காந்தா எஃப்டிபி ஏறும்னு இதுக்கு அர்த்தம் இல்ல. சீசன் முடிஞ்ச உடனே வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ, ஒண்ணு ரெண்டு நிதானமா 30, 40 நிமிஷம், ஒண்ணு மட்டும் 500 மீட்டர் துண்டு துண்டா வேகமா, பைக் ட்ரெய்னிங் சீரியஸா ஆரம்பிச்சதும் வாரம் ஒண்ணா குறைச்சிடுங்க. அடித்தளத்த கீழ விழாம புடிச்சு வைக்கும், அவ்ளோ எதிர்பாருங்க.

குறைனு சொன்னா சத்தம். காத்துல ஓடுற மெஷின் எதுவா இருந்தாலும் வேகமா இழுத்தா இரையும், பக்கத்துல யாராவது தூங்கினா நடக்காது, தண்ணி டேங்க் வச்ச மெஷின், மேக்னட் மெஷின் அந்த விஷயத்துல தேவலாம், ஆனா பல மேக்னட் மெஷின்ல வாட்ஸ் நம்பர் வெறும் அலங்காரம். அடுத்த குறை சீட்டு, பிப் ஷார்ட்ஸ் (பேட் வச்ச சைக்கிள் ஷார்ட்ஸ்) போட்டா சரியாயிடும்னு நெனைக்காதீங்க, அந்த பேட் தப்பான எடத்துல இருக்கும்.

ட்ரெய்னரே இல்லாதவங்க முதல்ல ட்ரெய்னர் வாங்குங்க, இது ரெண்டாவது. ட்ரெய்னர் இருக்கு, அத பாத்தாலே எரிச்சல் வருது, முதுகு இறுகிக் கிடக்கு, 8 அடி இடமும் இருக்குன்னா யோசிக்காம எடுக்கலாம். பக்கத்து ஜிம்லயே இருந்தா வாங்கவே வேணாம், மூணு மாசத்துக்கு அங்கயே போங்க.

வாங்குறவங்களுக்கு ஒண்ணு, சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவ செயினுக்கு எண்ணெய் காட்டணும். வீட்டுல இருக்குற வேக்ஸ் லூப் (சைக்கிள் செயினுக்கு போடுற மெழுகு), செயின் கிளீனர் ஸ்ப்ரே எல்லாத்தையும் எடுத்துட்டு வராதீங்க, சாதாரண மினரல் ஆயில் துணியில நனைச்சு தடவி, மிச்சத்த துடைச்சிடுங்க, இந்த செயினுக்கு மழையும் இல்ல சேறும் இல்ல.