சிர்ப்ஸ் மழை டேட்டா: ஆற்றுக்குப் பாருங்கோ, வயலுக்கு நம்பாதேங்கோ

வன்னியில மழை குறைஞ்சிட்டுது எண்டு ஒருத்தர், இல்லை கூடிட்டுது எண்டு இன்னொருத்தர், இப்பிடிக் கதைச்சுக்கொண்டே இருக்கிற ஆக்கள் ஒருக்கா சிர்ப்ஸ் (CHIRPS) டேட்டாவை எடுத்துப் பாருங்கோ, செய்மதிப் படத்தையும் தரை மழைமானிக் கணக்கையும் சேத்துச் செய்த மழைக் கணக்கு அது. முழுக்க இலவசம். சாண்டா பார்பராவில இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகமும் அமெரிக்க புவியியல் அளவை நிறுவனமும் சேந்து செய்தது, வரட்சி பஞ்சத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் செய்தவை. 1981 இலயிருந்து நாளாந்த மழை இருக்கு, நிலத்தை ஏறத்தாழ 5 கிலோமீற்றர்ச் சதுரக் கட்டங்களாப் பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கணக்கு.

நான் பாத்தது கனகராயன் ஆறு, இரணைமடுக் குளத்துக்குத் தண்ணி கொண்டு வாற ஆறு. அந்த ஆற்றின்ர படுகைக்குள்ள, எண்டா மழைத்தண்ணி அந்த ஆற்றுக்கு வடியிற நிலத்துக்குள்ள, விழுற கட்டங்களை மட்டும் வெட்டியெடுத்து ஐப்பசியில இருந்து தை வரைக்கும் தனியாக் கூட்டிப் பாக்கவேணும், ஏனெண்டா எங்களுக்குக் காலபோக (மாரிகால நெற்செய்கை) மழைதான் சீவன், வருச மொத்தத்தைப் பாத்தா மழை பிந்தினதும் தெரியாது இடையில விட்டதும் தெரியாது.

எனக்கு இதில பெரிய விசயம் என்னெண்டா, போர்க்காலத்தில எங்கட பக்கம் மழைமானி பாத்து எழுத ஆளில்லாமப் போன வருசங்கள் இருக்குதெல்லோ, அந்த வருசங்களிலயும் செய்மதி மேல நிண்டு முகிலைப் பாத்துக்கொண்டுதான் இருந்திருக்கு. அந்த ஓட்டையை அடைக்க எங்களுக்கு வேற வழி குறைவு.

ஆனா கவனம். செய்மதி மழையை அளக்கிறேல்லை, முகிலின்ர உச்சி எவ்வளவு நேரம் குளிரா இருந்தது எண்டுதான் பாக்குது, பிறகு தரையில இருக்கிற நிலையங்களின்ர கணக்கைச் சேத்துத் திருத்துறாங்கள். நிலையம் குறைஞ்ச காலத்தில திருத்தமும் குறையும், அதால வருசாவருசம் மழையைக் காட்டக் கீறுற போக்குக் கோடு கொஞ்சம் சரிஞ்சா உடன மழை குறையுது எண்டு எழுதிப்போடாதேங்கோ, வவுனியா நிலையத்துக் கணக்கோட வைச்சுப் பாருங்கோ, தொடங்குற வருசத்தையும் முடிக்கிற வருசத்தையும் மாத்திப் பாருங்கோ. 2016, 2017 மாதிரி வரட்சியில கொண்டுபோய் முடிச்சா எந்தக் கோடும் கீழதான் இழுபடும்.

கொட்டித்தீர்க்கிற மழையை இது அமத்தித்தான் காட்டும். 2018 மார்கழியில இரணைமடு வான்பாய்ஞ்சு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில நிண்டதே, அப்பிடி ஒரு இரவுக்கு இந்தக் கட்டத்து நம்பரை நம்பி வான்கதவுக் கணக்குப் பாக்கேலாது. திருத்தின டேட்டா அடுத்த மாதம் மூண்டாம் கிழமை மட்டிலதான் வரும், விதைப்புக்கும் உதவாது.

புதுசாப் பாக்கிற ஆக்கள் நாள் ஃபைலை விட்டிட்டு மாத ஃபைலை டவுன்லோட் பண்ணுங்கோ, சின்னது, கியூஜிஐஎஸ் (QGIS) எண்ட இலவச வரைபட மென்பொருளில சுகமாத் திறக்கும். படுகையின்ர எல்லையை முதல்ல வடிவாக் கீறி வைச்சிருங்கோ, அது பிழைச்சா அருவியாற்று மழையும் உள்ளுக்க வந்திடும்.