சைகஸா, போனிடெயில் பாமா? நாய், பூனை உள்ள வீட்டுக்கு எது?

இந்த இரண்டு அலங்காரச் செடிகளையும் பனை என்றுதான் விற்கிறார்கள். இரண்டுமே பனை இல்லை.

சைகஸ் பார்க்கக் கம்பீரம். ஆனால் இலை முதல் வேர் வரை நஞ்சு, விதை இன்னும் கொடியது. ஒன்றிரண்டு தின்றாலே நாயின் கல்லீரல் கெட்டு உயிர் போகலாம். பூனை ஏறாத உயரம் ஏது? அதனால் மேலே வைப்பதும் தீர்வில்லை. கடித்தது தெரிந்தால், வாந்தி எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

போனிடெயில் பாம் மெக்சிகோவின் வறண்ட நிலத்துச் செடி. நாய்க்கும் பூனைக்கும் நஞ்சில்லை. பருத்த அடித்தண்டில் நீரைச் சேமிப்பதால், மண் நன்றாகக் காய்ந்தபின் ஊற்றினால் போதும். அதிகமானால் அழுகிவிடும். நல்ல வெளிச்சம் வேண்டும். தொங்கும் இலைகளைப் பூனை கடித்துக் குதறும்தான்; செடி தாங்கிக்கொள்ளும்.

என் தேர்வு இதுதான். சைகஸை விலங்குகள் இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.