அடிஸ் அபாபாவில் அரை நாள்: எந்த அருங்காட்சியகம்?

எத்தியோப்பியத் தலைநகரில் அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால், பலரும் நேராகத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போவார்கள். காரணம் லூசி. 1974-ல் எத்தியோப்பியாவின் ஹதாரில் கிடைத்த, சுமார் 32 லட்சம் ஆண்டுகள் பழமையான, மனித மூதாதை இனத்தைச் சேர்ந்த ஒருத்தியின் எலும்புக்கூடு. எத்தியோப்பியர்கள் அவளை டிங்கினேஷ் என்கிறார்கள். பார்வைக்கு வைப்பது பெரும்பாலும் நகலைத்தான். ஆனாலும் அந்தச் சின்ன உருவத்தின் முன் நிற்கும்போது மனம் நெகிழ்கிறது. மற்றக் கூடங்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம்.

என் ஓட்டு, நகரின் சித்திஸ்ட் கிலோ பகுதியில் உள்ள இனவியல் அருங்காட்சியகத்துக்கு. பல்கலைக்கழக வளாகத்துக்குள், எத்தியோப்பியாவின் கடைசிப் பேரரசர் ஹைலே செலாசி வாழ்ந்த அரண்மனையில் இருக்கிறது. பேரரசரின் படுக்கையறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். பொருட்களைப் பிறப்பு, பிள்ளைப் பருவம், திருமணம், சாவு என்று வாழ்க்கை வரிசையில் அடுக்கியிருப்பதுதான் இதன் அழகு. மேல் தளத்தில் சிலுவைகளும் தேவாலய ஓவியங்களும். வெளியே, ஆக்கிரமித்த இத்தாலியர்கள் கட்டிய படிக்கட்டின் உச்சியில் எத்தியோப்பியர்கள் தங்கள் பேரரசின் சின்னமான ஒரு சிங்கத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் வராதீர்கள்.

இரண்டும் பக்கம் பக்கம்தான், நடந்தே போகலாம்.

அப்புறம் சாப்பாடு. புதன், வெள்ளியில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் நோன்பு இருப்பதால் இறைச்சியில்லாத 'பேயாய்நெத்து' எளிதாகக் கிடைக்கும்: தோசை போன்ற புளித்த மாவு ரொட்டியான இஞ்செராவின் மேல் பருப்பு, கீரை, காய்கள். சைவர்கள் அந்த நாட்களைப் பார்த்துப் போங்கள்.