கெய்ரோவில் இருந்து ஒரே நாளில் அலெக்சாண்ட்ரியா: தனி கைடு வைத்துப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

எகிப்து போகிற நம்மவர்கள் கெய்ரோவில் நாலைந்து நாள் தங்கினால், அதில் ஒரு நாளை அலெக்சாண்ட்ரியாவுக்கு ஒதுக்குகிறார்கள். பிப்ரவரியில் நாங்களும் ஒதுக்கினோம். நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், 72 வயது அப்பா. தனி வண்டி, தனி கைடு, மதியச் சாப்பாடு, நாலு பேருக்கும் சேர்த்து 340 டாலர். நுழைவுச் சீட்டு மட்டும் தனி. காலை 7 முதல் இரவு 7 வரை என்று போட்டிருந்தது. அந்த நாளில் நாங்கள் அலெக்சாண்ட்ரியாவைப் பார்த்த நேரம் மொத்தம் 55 நிமிடம். இந்தக் கணக்கைப் போட்டது என் மகள். போனில் எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிவாகிறது இல்லையா, ராத்திரி அதை வைத்துக் கூட்டிப் பார்த்தாள்.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த மாதமே வேறு கடை திறப்பார்கள். வேலை நடக்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

அலெக்சாண்ட்ரியா போக ஆசைப்பட்டது அப்பா. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வியன்னாவில், ஆஸ்திரியத் தேசிய நூலகத்தில், முசிறிப் பாப்பிரஸ் என்று ஒன்று இருக்கிறது. (பாப்பிரஸ் என்றால் கோரைத்தண்டில் செய்த பழங்காலத் தாள்.) கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய கடன் ஒப்பந்தம். சேர நாட்டுத் துறைமுகமான முசிறியில் இருந்து ஹெர்மபோலன் என்ற கப்பலில் போன சரக்குக் கணக்கு அதன் மறுபக்கத்தில் இருக்கிறது: தந்தம், கங்கைக்கரை நறுமணப் பொருள் என்று. செங்கடல் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு பாலைவனம் தாண்டி, நைல் நதி வழியாக அலெக்சாண்ட்ரியா வந்து சேரும். அங்கே நாலில் ஒரு பங்கு சுங்கவரி. இதை வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லிவிட்டு, அந்தச் சரக்கு போய்ச் சேர்ந்த ஊரைக் கண்ணால் பார்க்காமல் இருக்கிறேனே என்பதுதான் அவருடைய குறை.

7 மணிக்கு வர வேண்டிய வண்டி 8:10-க்கு வந்தது. கைடுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல ஆங்கிலம், நல்ல சிரிப்பு. இந்தியர்கள் என்றதும் "அமிதாப் பச்சன்!" என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எகிப்தில் இது பழக்கம், கடைக்காரர் முதல் போலீஸ்காரர் வரை எல்லாரும் சொல்வார்கள், அதில் வஞ்சம் ஒன்றும் இல்லை. ஏறி உட்கார்ந்த உடனே நாலு இடங்களுக்கும் சீட்டை ஆன்லைனில் எடுத்துவிடுவதாகச் சொல்லி 100 டாலர் வாங்கிக்கொண்டார். கவுன்டரில் கார்டுதான் வாங்குவார்கள், இந்தியக் கார்டு சில சமயம் மக்கர் பண்ணும் என்றார். நானும் கொடுத்துவிட்டேன். முதல் தப்பு அது.

அலெக்சாண்ட்ரியா 220 கிலோமீட்டர். பாலைவன நெடுஞ்சாலையில் எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் வண்டி நெடுஞ்சாலைக்குப் போகவில்லை. கெய்ரோவை ஒட்டிய கீசாவிலேயே ஒரு 'பாப்பிரஸ் இன்ஸ்டிடியூட்' வாசலில் நின்றது. பத்தே நிமிடம், கட்டணம் இல்லை, கழிவறையும் இருக்கிறது என்றார். கீசாவில் பாப்பிரஸ் விற்கிற கடை எல்லாமே இன்ஸ்டிடியூட்தான், மியூசியம்தான். கடை என்று பெயர் வைத்த ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

அப்பா மனதைப் பறிகொடுத்த இடம் அது. ஒரு பெண் பாப்பிரஸ் கோரைத்தண்டின் பச்சைத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைப் பட்டை பட்டையாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அழுத்தி வைத்துக் காட்டினார். பசை கிடையாது, தண்டின் சாறே ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் உண்மையான செய்முறைதான். முசிறி ஒப்பந்தமும் இப்படி ஒரு தாளில்தானே எழுதப்பட்டது என்று அப்பா குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கதவோரமாக உட்கார வைத்து, செம்பருத்தித் தேநீர் கொடுத்து, ஓவியங்களை விரிக்க ஆரம்பித்தார்கள். அப்பா பெயரைச் சித்திர எழுத்தில் எழுதித் தருவதாகச் சொல்லி 150 டாலரில் தொடங்கி 60-இல் முடித்தார்கள். செய்து காட்டியது ஒன்று, விற்றது வேறு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அசல் பாப்பிரஸில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். நாங்கள் வாங்கியதில் ஒன்றும் தெரியவில்லை, ஊர் வந்து சேர்வதற்குள் மடிப்பில் விரிசலும் விட்டுவிட்டது. அனேகமாக வாழைநார்.

பத்து நிமிடம் என்றது 70 நிமிடம் ஆனது. கைடு இடையில் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பார்க்கிற இடத்தில் நிற்கும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர், கடையில் மட்டும் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். நாம் கொடுக்கிற விலையில் அவருக்குப் பங்கு உண்டு, சில கடைகளில் பாதி வரைகூடப் போகும் என்று பிறகு ஒரு கெய்ரோ டாக்சிக்காரர் சொன்னார்.

வழியில் ஓய்விடம் ஒன்றில் இருபது நிமிடம். 1:15-க்கு ஊருக்குள் நுழைந்தோம். கடல் தெரிந்தது. வண்டி நின்ற இடம் பருத்தித் துணிக்கடை. நான் இறங்க மாட்டேன் என்றேன். கைடின் முகம் சுருங்கியது. ஓட்டுநருக்கு இங்கேதான் தொழுகை, கழுவல் எல்லாம் என்றார். சரி என்று இறங்கினோம். நாற்பது நிமிடம்.

சாப்பாடு இதைவிட அழகு. பதிவில் 'கடலோர உணவகத்தில் மதிய உணவு' என்று இருந்தது. உள்ளே போனதும் ஐஸில் அடுக்கிய மீன்களிடம் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, பிடித்ததைக் காட்டுங்கள் என்றார்கள். காட்டினோம். பாக்கேஜில் சேர்ந்தது ரொட்டியும் சூப்பும் சோறும்தானாம், மீன் எடைக்கு எடை தனியாம். பில் வந்தபோதுதான் தெரிந்தது. கேட்காமலே வந்த தஹினி, சாலட், தண்ணீர் பாட்டில், எல்லாவற்றுக்கும் மேலே 12 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேலே 14 சதவீதம் வரி. கைடும் ஓட்டுநரும் பக்கத்து மேசையில் சாப்பிட்டதும் எங்கள் பில்லில்தான். மீன் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அலெக்சாண்ட்ரியாவில் மீன் சாப்பிடுங்கள். ஆனால் நிறுக்கிற போதே கிலோ விலையைக் கேட்டு, தராசைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

3:40-க்குத்தான் முதல் இடம். பாம்பே தூண். (மும்பைக்குச் சம்பந்தம் இல்லை. ரோமத் தளபதி ஒருவரின் பெயர்.) சிவப்பு அஸ்வான் கிரானைட்டில் கிட்டத்தட்ட 27 மீட்டர் உயரம். பாம்பேயின் தலையை ஒரு பாத்திரத்தில் போட்டு இதன் உச்சியில் வைத்திருந்தார்கள் என்று கைடு நிச்சயமாகச் சொன்னார். அது சிலுவைப் போர்க்காலத்து ஐரோப்பியர்கள் நம்பிய கதை. தூணுக்கும் பாம்பேக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவர் செத்து மூன்று நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, டயோக்ளீஷியன் பேரரசருக்காக நிறுத்தியது. அப்பா மெதுவாக இதைச் சொன்னார். கைடு சிரித்துவிட்டு எங்களைப் படம் எடுக்க நிறுத்தினார். எகிப்தில் கைடாக இருக்க அரசு உரிமம் வேண்டும், அட்டை இருக்கும். இவர் கழுத்தில் அட்டை இல்லையே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். வண்டியில் இருக்கிறது என்றார். வண்டியிலும் காட்டவில்லை.

தூணில் இருந்து கோம் எல் ஷுகாஃபா நிலத்தடிக் கல்லறை நடந்து போகிற தூரம்தான். இந்த ஊரில் அப்பா முக்கியமாகப் பார்க்க நினைத்த இடம் அது. கைடு யாருக்கோ போன் போட்டு அரபியில் பேசிவிட்டு, உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது, இன்று மூடிவிட்டார்கள் என்றார். அங்கே நிலத்தடி நீர்ப் பிரச்சினை வெகுகாலமாக உண்டு என்று அப்பாவே படித்திருந்தார், அதனால் நம்பினோம். பொய் சொல்கிறவர் பாதி உண்மையைக் கலந்துதான் சொல்வார்.

அப்புறம் கைத்பே கோட்டை. உலக அதிசயமான கலங்கரை விளக்கம் நிலநடுக்கங்களில் இடிந்தபின், அது நின்ற இடத்தில், அதன் கற்களையும் சேர்த்து 1477-இல் சுல்தான் கைத்பே கட்டத் தொடங்கிய கோட்டை. உள்ளே விடும் நேரம் முடிந்திருந்தது. வெளியே இருபது நிமிடம் அலை பார்த்தோம். நூலகத்துக்குப் போனபோது அங்கும் சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். 2002-இல் திறந்த புதிய நூலகம் அது. வெளிச்சுவர் முழுக்கச் சாம்பல் நிறக் கிரானைட், அதில் உலகத்தின் 120 எழுத்துமுறைகளில் இருந்து எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். நம் எழுத்து எங்கே என்று அப்பா சுவரின் ஒரு முனையில் இருந்து தேட ஆரம்பித்தார். மூன்றில் ஒரு பங்கு சுவர்கூட முடியவில்லை. பத்தாவது நிமிடம் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார். 7 மணிக்கு டூர் முடிய வேண்டுமாம், அதற்குமேல் ஆனால் மணிக்கு 20 டாலராம். காலையில் தாமதமாக வந்ததும் கடைகளில் உட்கார்ந்ததும் எங்கள் கணக்கிலேயே கழிந்தது.

திரும்பும் வழியில் இருட்டில், நெடுஞ்சாலையில், பக்‌ஷீஷ் பேச்சு வந்தது. தலைக்கு 20 டாலர் வழக்கம் என்றார். போகாத மூன்று இடங்களின் சீட்டுப் பணம் எங்கே என்று கேட்டேன். ஆன்லைன் சீட்டு, திரும்பாது என்றார். சீட்டைக் காட்டுங்கள் என்றதும் போனில் சிக்னல் இல்லாமல் போனது. அப்புறம் கொஞ்சம் குரல் இறங்கி, நீங்கள் கொடுத்த 340-இல் என் கைக்கு வருவது 15 டாலர் சார், மீதியைக் கடைகளில்தான் நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அன்று அவர் பேசியதில் நான் நம்புவது இதை மட்டும்தான். நாம் பணம் கட்டுகிற நிறுவனம் வேறு, வண்டி அனுப்புகிறவர் வேறு, கைடை நாள் கூலிக்குப் பிடிக்கிறவர் வேறு. ஆளுக்கு ஆள் கை மாறி, கடைசியில் கைடு நம்மைக் கடைக்காரருக்கு விற்றுத்தான் வீட்டுக்குக் காசு கொண்டுபோகிறார். ஆனாலும் அவர் கேட்ட தலைக்கு 20 டாலரை நான் கொடுக்கவில்லை. ஓட்டுநருக்கு மட்டும் பத்து கொடுத்தேன்.

ஹோட்டலில் தூணின் சீட்டுக் கிழிசல்களை எடுத்துப் பார்த்தோம். மகளுடையது மாணவர் சீட்டு. பாதுகாப்புக்கு என்று அவளுடைய கல்லூரி அட்டையைக் கைடு வாங்கிப் போயிருந்தார், மாணவர் சலுகை இந்தியர்களுக்கு இல்லை என்றும் சொல்லியிருந்தார். நாலு சீட்டின் விலையும் சேர்த்து, கொடுத்த 100 டாலரில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அப்பாதான் சொன்னார்: "முசிறிச் சரக்குக்கு இந்த ஊரில் நாலில் ஒரு பங்குதான்டா பிடித்தார்கள்."

கடைசி நாள், ராத்திரிதான் விமானம். மனைவியும் மகளும் கெய்ரோவின் கான் எல் கலீலி கடைத்தெருவுக்குப் போனார்கள் (அங்கே அதே பாப்பிரஸ் ஓவியம், பேரம் பேசாமலே ஆறு டாலர்). நானும் அப்பாவும் ராம்சேஸ் நிலையத்தில் காலை ரயில் பிடித்து அலெக்சாண்ட்ரியா போனோம். இறங்கி டாக்சியில் நேராகக் கல்லறை. கவுன்டரில் இருந்த பெண்ணிடம், மூன்று நாள் முன்னால் தண்ணீர் ஏறி மூடியிருந்தீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. எப்போதும் போலத் திறந்துதான் இருந்ததாம்.

1900-இல் ஒரு கழுதை குழிக்குள் விழுந்ததால் வெளிச்சத்துக்கு வந்த இடம் அது. கிணறு மாதிரி ஒரு துளை, அதைச் சுற்றி வளைந்து இறங்கும் 99 படி. துளை வழியாகக் கயிறு கட்டிப் பிணத்தை இறக்குவார்களாம். அப்பாவுக்கு மூட்டுவலி, பத்துப் படிக்கு ஒரு முறை சுவரைப் பிடித்து நின்றார். கீழே, செத்தவர்களைப் பார்க்க வந்த உறவினர்கள் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட கல் திண்ணைகள். கொண்டுவந்த சட்டிகளை அங்கேயே உடைத்துப் போடுவார்கள், ஷுகாஃபா என்றால் ஓட்டாஞ்சில்லு. கல்லறை வாசலில் நரித்தலை அனூபிஸ், எகிப்தின் சாவுக் கடவுள், ரோமப் படைவீரன் உடுப்பில் நிற்கிறார். அப்பா அவர் முன்னால் நின்ற நேரத்தை நான் பார்க்கவில்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அப்புறம் கோட்டைக்குப் போனோம். நூலகச் சுவருக்கு மறுபடி நேரம் இல்லை.

ஊர் வந்து நிறுவனத்துக்கு எழுதினேன். கடைகளுக்குப் போவது விருப்பம்தான், நீங்கள் இறங்கியிருக்கிறீர்களே என்று பதில் வந்தது. படங்களின் நேரப் பட்டியலையும் சீட்டுக் கிழிசலையும் அனுப்பியபின் 60 டாலர் திரும்பி வந்தது. கடை வேண்டாம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்குங்கள். சீட்டை நீங்களே கவுன்டரில் எடுங்கள், மூடியிருக்கிறது என்று சொன்னால் வாசல் வரைக்கும் போங்கள். உரிம அட்டையை வண்டி கிளம்புவதற்கு முன்னால் கேளுங்கள். ரொம்பப் பிரச்சினை என்றால் சுற்றுலாப் போலீஸ் எண் 126.

ஐந்து நட்சத்திர மதிப்புரைகளைப் பார்த்துத்தானே பதிவு செய்தோம் என்று கேட்பீர்கள். ஹோட்டல் வாசலில் இறங்குவதற்கு முன், கைடு என் மனைவியின் போனை வாங்கி, செயலியைத் திறந்து, ஐந்து நட்சத்திரத்தை அழுத்தி, தன் பெயரோடு 'அருமையான நாள், அருமையான மனிதர்' என்று தானே தட்டெழுதி, அனுப்பும் பொத்தானை மட்டும் அவளிடம் நீட்டினார். டிக்கியில் பைகள் இருந்தன, அப்பாவுக்கு அவசரமாகக் கழிவறை போக வேண்டும். அவள் அழுத்திவிட்டாள். திருத்தவோ நீக்கவோ முடியவில்லை, விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக இரண்டு மாதமாகச் சொல்கிறார்கள். நேற்றும் பார்த்தேன், பட்டியலில் மூன்றாவதாக இருக்கிறது.