பிரவுன் சூட்டா, நேவி ப்ளூவா: ஒரே ஒரு சூட் தைக்கப் போகிறவருக்கு

ரிசப்ஷனுக்கு சூட் துணி எடுக்கப் போனால் கடையில் முதலில் விரிப்பது நேவி ப்ளூ. அடுத்து கறுப்பு, அப்புறம் சாம்பல். பிரவுன் நாமாகக் கேட்டால்தான் தட்டிலிருந்து இறங்கும். என் ரிசப்ஷனுக்கு நான் அதைக் கேட்டு எடுத்தேன். வீட்டில் எல்லோரும் நேவி பக்கம். "மாப்பிள்ளைக் களை வராதுப்பா" என்று அத்தை கடைசிவரை சொல்லிப் பார்த்தார். கல்யாணம் முடிந்தும் அந்த சூட்டை விடாமல் போட்டுவருகிறேன். அதனால் பிரவுன் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

நேவிக்கான நியாயங்கள் தெரிந்தவைதான். எந்த நிறத்தவருக்கும் பொருந்தும். வெள்ளைச் சட்டையோடு எந்த டையும் சேரும். கறுப்பு ஷூ, பிரவுன் ஷூ இரண்டும் போகும். இன்டர்வியூ, அதிலும் வங்கி, சட்டம், கன்சல்டிங் என்றால் பேச்சே வேண்டாம், நேவிதான். லண்டன் வங்கி வட்டாரத்தில் நகரத்துக்குள் பிரவுன் கூடாது என்று பழைய வழக்கமே உண்டு; அவர்களுக்கு அது கிராமப்புறத்துக்கும் வார விடுமுறைக்குமான நிறம். சூட்டோடு பிரவுன் ஷூ போட்டு வருபவரை முதலீட்டு வங்கி மேலாளர்கள் சிலர் ஏற்பதில்லை என்று 2016-இல் அங்கே ஓர் அரசு ஆணையத்தின் அறிக்கை சொன்னது. ஷூவுக்கே இந்தக் கதி!

சரி, பிரவுனுக்கு வருவோம். அதில் எந்த பிரவுன் என்பதில்தான் பாதி வெற்றி. வெளிர் பிரவுன் நம் ஊரில் காக்கிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். பார்க்கிறவர் மனது போலீஸ், ஆட்டோ என்று ஓடும். 2014 ஆகஸ்டில் ஒபாமா வெளிர் பழுப்பு சூட்டில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது, அவர் பேசிய சிரியா, ஈராக் விவகாரத்துக்கு ஈடாக சூட்டும் செய்தியானது. அதே வெள்ளை மாளிகையில் முன்னாள் அதிபர் ரீகன் பிரவுன் சூட்டை விரும்பி அணிந்தவர். நான் சொல்வது நன்றாக வறுத்த காப்பிக்கொட்டை நிறம், அல்லது அதைவிட ஒரு படி அடர்த்தி. மாநிறக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோட்டும் முகமும் ஏறக்குறைய ஒரே நிறமாகிவிட்டால் முகம் மங்கிப்போகும். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடைக்குள் இருக்கும் விளக்கை நம்பக் கூடாது.

ரிசப்ஷன் மேடையில் எது எடுபடும் என்பதைப் பக்கத்தில் நிற்பவரின் உடைதான் தீர்மானிக்கிறது. அரக்கு, மாம்பழ மஞ்சள், பாட்டில் பச்சை என்று ஜரிகை போட்ட பட்டுப்புடவை என்றால் அடர் பிரவுன் அழகாகச் சேரும். கிரீம் நிறச் சட்டை, அடர் பச்சை அல்லது மெரூன் டை போதும். பெண் வெளிர் ரோஜாவிலோ வெள்ளிச் சாம்பலிலோ லெஹங்கா போடுகிறார் என்றால் நேவியே நல்லது. அங்கே பிரவுன் கொஞ்சம் கனத்துத் தெரியும். மங்கலான மண்டபத்தில் எடுத்த வீடியோவில் நேவி கறுப்பாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இதெல்லாம் ஒரு நாள் விஷயம். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது மறுநாளிலிருந்து அந்த சூட் என்ன ஆகிறது என்பதுதான். நம் ஊர் சூட்களில் பெரும்பாலானவை ரிசப்ஷன் முடிந்ததும் கவருக்குள் போய் பீரோவில் தொங்குகின்றன. சென்னை வெயிலில் முழு சூட் போட வருஷத்துக்கு எத்தனை சந்தர்ப்பம் வரும்? ஆகவே கோட்டையும் பேண்ட்டையும் பிரித்துப் போட முடிகிறதா என்பதே கேள்வி. அங்கே பிரவுன் அசைக்க முடியாத இடத்தில் இருக்கிறது.

முதலில் பேண்ட். அடர் பிரவுன் பேண்ட், வெள்ளை அல்லது வெளிர் நீலச் சட்டை, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிரவுன் பெல்ட்டும் ஷூவும் போட்டால் சாதாரண ஆபீஸ் உடை. சூட்டின் பாதி என்று யாருக்கும் தோன்றாது. நேவி பேண்ட்டோடு வெளிர் நீலம் போட்டால் பள்ளிக்கூட யூனிஃபார்ம் நினைவு வரும், வெள்ளை போட்டால்தான் தப்பிக்கலாம். அடுத்து கோட். நேவி கோட்டைத் தனியாகப் போடலாமே, பிளேசர் என்பதே அதுதானே என்பீர்கள். உண்மைதான், ஆனால் பிளேசருக்கென்று நெய்த துணியில். சூட்டுக்கு எடுக்கிற வழவழப்பான மெல்லிய நேவித் துணியை ஜீன்ஸ் மேல் போட்டால், பேண்ட்டைத் தொலைத்துவிட்டு வந்தது போலிருக்கும். பிரவுன் கோட்டை ஜீன்ஸோடு, சாம்பல் பேண்ட்டோடு, கிரீம் பேண்ட்டோடு போட்டுவிட்டேன். நண்பர் கல்யாணத்துக்கு டை இல்லாமல் வெளிர் ரோஜா சட்டை மேல், ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு கறுப்பு டீ-ஷர்ட் மேல். கறுப்பு பேண்ட்டோடு மட்டும் வேண்டாம், இரண்டும் சண்டை போடும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பிரவுனிலும் மினுமினுப்பான துணி எடுத்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. நெசவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடையில் ஹாப்சாக் என்று கேளுங்கள். கூடைப் பின்னல் போல இடைவெளி விட்டு நெய்த துணி, காற்று புகும், எளிதில் கசங்காது. பாலியஸ்டர் அதிகம் கலந்தது விலை குறைவுதான், ஆனால் வியர்வையில் உடம்போடு ஒட்டும். கம்பளித் துணிகளில் சூப்பர் 100, 120 என்று எண் போட்டிருப்பது கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்வது. எண் ஏற ஏற உழைப்பு குறையும் என்பதால் அடிக்கடி போடுவதற்குப் பெரிய எண் தேவையில்லை. டெய்லரிடம் பாதி லைனிங் போதும் என்று சொல்லிவிடுங்கள். லினன் பிரவுன் நான் தைத்ததில்லை. போட்டிருந்தவர்களைப் பார்த்த வரையில், உட்கார்ந்து எழுந்ததும் கசங்குகிறது; கடற்கரை ரிசார்ட் கல்யாணத்துக்கு அது பரவாயில்லை, மேடைக்கு ஆகாது. ட்வீட், ஃபிளானல் போன்ற குளிருக்கான கம்பளித் துணியெல்லாம் ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் சொல்ல வேண்டிய விஷயம்.

பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்றாலும் நேவியில் விபூதி ஒரு துகள் விழுந்தாலும் தெரியும். தூசி, நூல் துணுக்கு, வியர்வை காய்ந்த உப்புக் கோடு எல்லாம் அப்படித்தான். பிரவுன் இவற்றையும் காய்ந்த சந்தனத்தையும் ஓரளவு மறைத்துக்கொடுக்கும். பூமாலையிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு மட்டும் இரண்டுமே ஒன்றுதான். டிரை கிளீனிங்குக்குக் கோட்டையும் பேண்ட்டையும் எப்போதும் சேர்த்தே கொடுங்கள். ஒன்றை மட்டும் அடிக்கடி கொடுத்தால் நாளடைவில் நிறம் பிரிந்துவிடும்.

ஷூவில் அடர் பிரவுனும் மெரூனும் பிரவுன் சூட்டோடு நன்றாகப் போகும், கறுப்பைத் தவிர்ப்பேன். அப்புறம், சூட்டுக்கு 3 மீட்டர் வாங்கும்போதே இன்னொரு பேண்ட்டுக்கு 1.3 மீட்டர் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். எந்த சூட்டிலும் முதலில் தேய்வது பேண்ட். ஒரு வருஷம் கழித்துப் போனால் அதே பெயரில் துணி கிடைத்தாலும், வேறு சாயத் தொட்டியில் வந்த பிரவுன் பழைய கோட்டோடு சேராது.